பன்னிரண்டு மாதமும் 'இல்லை'

போன வருஷக் கடைசியில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனைக்குத் தர ஆய்வுக்காகப் போயிருந்தேன். பெண்கள் வார்டில் சம்பவப் பதிவேட்டைக் கேட்டேன். மருந்து மாறிப் போனது, நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தது, விழப் போய்த் தப்பித்தது, எல்லாம் எழுத வேண்டிய நோட்டு அது. பழுப்பு அட்டை போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, அழகாக வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் எதிரே ஒரே சொல்: 'இல்லை'. என்னோடு வந்தவர், "ரொம்ப நல்லா மெயின்டெயின் பண்றீங்க சிஸ்டர்" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கு மனசு கனத்துப் போனது.

நானும் சர்வீஸ் முழுக்க அப்படி 'இல்லை' எழுதியவள்தான்.

பல வருஷத்துக்கு முன்னால், டெல்டா பக்கம் ஒரு மருத்துவமனை. நைட் டூட்டி. நாற்பது படுக்கைக்கு நான் ஒருத்தி. மணி இரண்டைத் தாண்டியிருக்கும். காய்ச்சலோடு வந்து படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். பவுடரைக் கரைக்க ட்ரேயிலிருந்து டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, உடைத்து, சிரிஞ்சில் இழுத்தும் விட்டேன். காலி ஆம்பியூலைக் கீழே போடும்போது லேபிள் கண்ணில் பட்டது. பொட்டாசியம் குளோரைடு. அதே 10 மில்லி, அதே பிளாஸ்டிக், அதே ட்ரே. அதை டிரிப்ஸில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும். கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து அவர் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

சிரிஞ்சைத் தூக்கிப் போட்டேன். சரியான டிஸ்டில்டு வாட்டரை எடுத்துக் கரைத்து ஊசி போட்டேன். காலையில் டூட்டி மாற்றிக் கொடுக்கும்போது யாரிடமும் சொல்லவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. மூன்று நாலு மாதம் கழித்து டீ குடிக்கும்போது கூட வேலை பார்த்த ஒரு சிஸ்டர் மெதுவாகச் சொன்னாள், தனக்கும் அப்படி ஆகப் போனது என்று. அதே ட்ரே. நான் அன்றைக்கே எழுதியிருந்தால் அவளுக்கு அது நடந்தே இருக்காது. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் இது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சைக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே ஏதோ ஒரு பாதிப்பு ஏற்படுகிறது. அதில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியது. உலகம் முழுக்க நிலைமை இப்படி இருக்கும்போது நம் தாலுகா மருத்துவமனை வார்டில் ஒரு வருஷம் முழுக்க எதுவுமே நடக்கவில்லை என்றால் அதை எப்படி நம்புவது?

ஆய்வே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2015-ல் காயகல்ப், அதாவது அரசு ஆஸ்பத்திரிகளின் சுத்தத்துக்கு மத்திய அரசு விருது தரும் திட்டம், வந்த பிறகு நம் ஆஸ்பத்திரிகள் எவ்வளவு மாறின என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அதற்கு முன்னால் ஊசியும் பஞ்சும் ஒரே வாளியில் கிடக்கும். அள்ளுகிற தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும். இன்றைக்கு ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், டிரிப்ஸ் குழாய் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில் என்று புதிதாக வந்த பணியாளர் கூடச் சரியாகப் பிரித்துப் போடுகிறார். அது சின்ன விஷயமில்லை. தேசியத் தரச் சான்று, நாங்கள் 'என்குவாஸ்' என்போம், அதன் செக்லிஸ்ட்டும் நல்ல செக்லிஸ்ட். பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் போன்ற ஆபத்தான மருந்துகளை அடையாளம் கண்டு கவனமாகக் கையாள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. நான் தடுமாறிய அந்த ட்ரேதான் அது.

ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மார்க் போட்டு, மொத்தம் 70 சதவீதம் எடுத்தால் சான்று என்று ஆனதும், மார்க்தான் எல்லாருக்கும் குறி. தேதி முன்கூட்டியே தெரியும். பெயின்ட் அடிப்பார்கள், புது பெட்ஷீட் வரும், கை கழுவும் ஆறு படிகளை எல்லாரும் ஒப்பிப்பார்கள். நேராகப் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது, நோயாளியைக் கேட்பது என நாலு வழியில் சோதிக்கச் சொல்லியிருக்கிறது. நான் போன இடங்களில் பாதி நாள் பதிவேட்டிலேயே போய்விடும். ஒருமுறை ஒரு பாட்டியிடம், "என்ன மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தாங்களா பாட்டி?" என்று கேட்டேன். "செவப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு குடுத்தாங்க தாயி. நேத்து ரெண்டும் வெள்ளையா இருந்துச்சு" என்றார். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தோம். மருந்தை டாக்டர் மாற்றவே இல்லை. எந்தப் பதிவேடும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

சரி, நர்ஸ் ஏன் எழுதுவதில்லை? பயம். எழுதினால் முதலில் வருவது மெமோ. அது 17பி-யாக, அதாவது பெரிய தண்டனைக்கான ஒழுங்கு நடவடிக்கையாக, மாறினால் இன்கிரிமென்ட் போகும், புரமோஷன் லிஸ்ட்டில் பெயர் போகும். தொகுப்பூதியத்தில் இருக்கிற பெண்களுக்கு அதைவிடப் பயம், வேலையே நிரந்தரமில்லை. நாற்பது பேருக்கு ஒருத்தியை நிறுத்தியது யார், ஒரே மாதிரி இரண்டு மருந்தை ஒரே ட்ரேயில் வைத்தது யார் என்று எந்த மெமோவிலும் இருக்காது.

நம் மாநிலத்தில் ஒரு தாய் பிரசவத்தில் இறந்துபோனால் ஆட்சியர் வரைக்கும் தணிக்கை நடக்கிறது. உயிர்கள் தப்பியதில் அதற்குப் பங்கு உண்டு. அப்படியிருக்க, இறக்கப் போய்த் தப்பித்தவர்களைப் பற்றி ஏன் கேட்கக் கூடாது? 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட நோயாளி பாதுகாப்புச் செயல்திட்டமும் இப்படிச் சம்பவங்களைப் பதிவுசெய்து பாடம் கற்கத்தான் சொன்னது. நான் கேட்பது இதுதான். பதிவேட்டில் பன்னிரண்டு 'இல்லை' இருந்தால் பூஜ்யம் போடுங்கள். ஐந்து தவறு எழுதி, ஐந்துக்கும் என்ன மாற்றினோம் என்று காட்டினால் முழு மார்க் போடுங்கள். தானாக வந்து எழுதியவருக்கு மெமோ கிடையாது என்று துறையே ஆணை போடட்டும். அப்புறம், ஒரு தடவையாவது ராத்திரி இரண்டு மணிக்கு வந்து பாருங்கள்.

அன்றைக்கு அந்த வார்டு சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு என் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. அதே பழுப்பு அட்டை நோட்டு. "இரவு 3.10. 14-ஆம் படுக்கை நோயாளியின் ஊசி 15-க்குப் போக இருந்தது. பெயர் கேட்டதால் தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர்." கீழே தலைமை மருத்துவரின் கையெழுத்து. பக்கத்தில் பச்சை மையில் அவர் எழுதியிருந்தார்: "ஒரே பெயர் உள்ளவர்களுக்கு அடுத்தடுத்த படுக்கை தரக் கூடாது. இன்றே மாற்றவும்."