"நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்கண்ணே"

ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களுக்கு நடந்த ஒரு பாராட்டு விழா வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு, பார்த்திருப்பீங்க. நாயகன் ராஜபார்ட்டுக்குப் பொன்னாடை, நாயகி ஸ்திரீபார்ட்டுக்குப் பொன்னாடை, பபூனுக்கு, டான்ஸுக்கு. போர்த்தி முடியுற வரைக்கும் ஆர்மோனியக்காரரைப் பார்த்து ஒரு கமிட்டிக்காரர் சொல்றார், "நீங்க வாசிச்சுக்கிட்டே இருங்கண்ணே." அவரும் வாசிக்கிறார். கடைசி வரைக்கும் அவர் பேரை யாரும் கூப்பிடல. மேடைக்குப் பின்னாடி சீன் திரை கட்டுனவர் வீடியோவுலயே இல்ல.

இதைச் சின்ன விஷயம்னு வீடியோவுக்குக் கீழ எழுதுறவங்களே, ஒரு ஸ்பெஷல் நாடகத்தையாவது விடிய விடிய உக்காந்து பார்த்திருக்கீங்களா? அதுக்கு ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. வள்ளி திருமணம் நாடகம்னா, வள்ளி ஒரு ஊர்ல இருந்து, நாரதர் வேற ஊர்ல இருந்து பஸ் பிடிச்சு வந்து இறங்குவாங்க. பல நேரம் முன்னப்பின்ன சேர்ந்து நடிச்சதே இருக்காது. அவங்களை ஒண்ணாக் கட்டி இழுத்துட்டுப் போறது பெட்டிதான், அந்த ஆர்மோனியம்தான்.

என் தாய்மாமா புதுக்கோட்டைப் பக்கம் பெட்டி வாசிச்சவர். சின்னப் பிள்ளையில மேடை ஓரத்துல அவர் முதுகுக்குப் பின்னாடி உக்காந்திருப்பேன். ஒரு தடவை வள்ளியும் நாரதரும் வாதாடுற தர்க்கம் சூடு பிடிச்ச நேரத்துல நாரதருக்குப் பாட்டோட அடி மறந்துபோச்சு. மாமா தலையைக்கூடத் தூக்கல. அந்த அடியைப் பின்பாட்டா எடுத்து, ஒரு சுத்து வாசிச்சு, நாரதர் வாயில கொண்டுபோய் வச்சார். கைதட்டல் நாரதருக்கு. பின்னிரவுப் பனியில, பெட்டிக்குள்ள சத்தம் குடுக்குற ரீடு தகடு ஒட்டிக்கும். பபூன் பேசிக்கிட்டு இருக்குற இடைவெளியில பெட்டியைத் திறந்து, பிளேடால ரீடை லேசாச் சுரண்டி, வள்ளி வர்றதுக்குள்ள மூடிருவார். இது கலை இல்லையா?

"சனம் பாடுறவங்களைப் பார்க்கத்தானே வருது?" வரட்டும். நாடகப் பாடகர் கிட்டப்பா பாட்டுல சொக்கிப்போனவங்கள்ல எத்தனை பேருக்கு, அவருக்குப் பெட்டி வாசிச்சது கூடப்பிறந்த காசி ஐயர்னு தெரியும்? ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்கு சீன் திரை வரைஞ்சவர். பின்னாடி காலண்டர்ல சாமிப் படம் வரைஞ்சதால அவர் பேர் நின்னுச்சு. கம்பெனியோடயே முடிஞ்சுபோன சீன் ஓவியர்கள்ல ஒருத்தர் பேரை உங்களால சொல்ல முடியுமா? ஆர்மோனியத்தையே 1940லேர்ந்து 1971 வரைக்கும் வானொலி வெளிய நிறுத்தி வச்சிருந்துச்சு. அத்தனை வருஷமும் அதை மேடையில வச்சுக் காப்பாத்துனவங்க இவங்க.

"நடிகைங்க படுற அவமானம் இதைவிடப் பெருசு"ன்னு ஒரு தங்கச்சி எழுதியிருக்கு. உண்மைதாம்மா. அவங்க தோள்ல இருக்குறதை எடுத்து இவருக்குப் போடுன்னா சொல்றேன்? இன்னொரு பொன்னாடை வாங்க முடியாதா?

"அதான் சம்பளம் குடுத்தாச்சே"ன்னு சொல்றவங்களுக்குத்தான் எனக்கு ஆத்திரம் வருது. 2020 பங்குனியில ஊரடங்கு போட்டாங்க. வருஷச் சோத்துக்குச் சம்பாதிக்கிற திருவிழா சீசன் மொத்தமும் போச்சு. உதவி கேட்டு மனு குடுக்கப் போன இடத்துல, கலைஞர்தான்னு காட்ட, பேர் போட்ட நாடக நோட்டீஸ் கேட்டாங்க. மாமாகிட்ட இருந்துச்சு, தபால்தலை அளவு போட்டோவோட. அவர்கூடப் போன பெரியவர்கிட்ட ஒண்ணுகூட இல்ல. தர்பார், தெரு, காடுன்னு அத்தனை சீன் திரையும் அவர் கையால வரைஞ்சது, ராத்திரி முழுக்க ஏத்தி இறக்குனதும் அவர்தான். நோட்டீஸ்ல "காட்சி அமைப்பு"ன்னு போட்டு சீனை வாடகைக்கு விட்டவர் போன் நம்பர் இருந்துச்சு, இவர் பேர் இல்ல. மனுவை மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வெளிய வந்தார். அவர் ஒண்ணும் பேசல. நான்தான் பேசுறேன், இன்னும் பேசுவேன்.

வர்ற பங்குனிக்கு நோட்டீஸ் அடிக்கப்போற கமிட்டிக்காரங்க இதைப் படிச்சா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். பெட்டிக்காரர், மிருதங்கம், ஆல்ரவுண்ட் தாளக்காரர், மேக்கப், சீன் எல்லார் பேரையும் அவங்ககிட்டயே கேட்டு எழுதுங்க. இனிஷியலோட.