சைரன்: எதிரியின் கண் வழியாகப் பயம் காட்டும் கேம்

பேய் கேம் என்றால் இருட்டிலிருந்து ஏதாவது ஒன்று சட்டென்று பாய வேண்டும், நாம் அலற வேண்டும். இதுதான் வழக்கம். அந்தப் பயம் வந்த வேகத்தில் போய்விடும், அப்புறம் சிரிப்புதான் வரும். இப்போது நான் விளையாடிக்கொண்டிருக்கும் ஜப்பானிய கேம் இந்த வேலையைக் கிட்டத்தட்ட செய்வதே இல்லை. எதிரி எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் பார்க்கிறான், எப்போது திரும்புவான் என்று எல்லாவற்றையும் முதலிலேயே காட்டிவிடுகிறது. எல்லாம் தெரிந்த பிறகும் கை நடுங்குகிறது.

கேமின் பெயர் ‘சைரன்’. 2003 நவம்பரில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது. இயக்கியவர் கெய்ச்சிரோ டொயாமா. 1999-இல் வந்த முதல் ‘சைலன்ட் ஹில்’ கேமை இயக்கியவரும் இவர்தான். ‘சைலன்ட் ஹில்’லை வெளியிட்ட கொனாமி நிறுவனத்தை விட்டு சோனிக்கு வந்த பிறகு செய்தது இது. ஐரோப்பாவில் ‘ஃபர்பிடன் சைரன்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் கிடைத்தது. ஆனால் அந்த டப்பிங்கை யூடியூபில் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். ஜப்பானிய மலைக் கிராமத்து வேட்டைக்காரக் கிழவர் லண்டன்காரர் மாதிரி பேசுவார். எனக்கு ஒட்டவே இல்லை. அதனால் ஜப்பானிய டிஸ்க்கையே வரவழைத்தேன்.

அதில் இன்னொரு கூத்து இருக்கிறது. ஜப்பானிய டிஸ்க் நம் ஊர் பிஎஸ்2-வில் ஓடாது. ஜப்பானிய கன்சோலே வேண்டும். பழைய தடித்த மாடல் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஆக, கேமை விட அதிகம் சூடாகும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் டிவி மேஜைக்குக் கீழே குடிவந்துவிட்டது. திரையில் வரும் எழுத்துகளை மொபைல் கேமராவில் காட்டி மொழிபெயர்த்துப் படிக்கிறேன். பாதி புரியும், பாதி உளறும்.

சரி, கதைக்கு வருகிறேன். கியோயா சுடா என்ற 16 வயதுப் பையன் இணையத்தில் எதையோ படித்துவிட்டு, ஹனுடா என்ற மலைக் கிராமத்தைத் தேடி சைக்கிளில் தனியாக வருகிறான். ஊர்க்காரன் ஒருவன் 33 பேரை வெட்டிக் கொன்ற இடம் என்பது வதந்தி. 1938-இல் ஜப்பானின் ஒகயாமா மாகாணத்தில், சுயாமா ஊர்ப் பக்கத்தில் ஒருவன் ஒரே இரவில் 30 பேரைக் கொன்ற நிஜச் சம்பவம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் அது ஞாபகம் வராமல் போகாது. காட்டுக்குள் நடக்கும் ஒரு சடங்கைப் பையன் பார்த்துவிடுகிறான். நள்ளிரவில் எங்கிருந்தோ சைரன் ஊதுகிறது. பூமி அதிர்கிறது. விடிந்து பார்த்தால் மலைகளுக்கு நடுவில் இருந்த ஊரைச் சுற்றிச் சிவப்பு நிறத்தில் கடல்.

விடிவதற்குள் நமக்கு ஒரு சோதனை உண்டு. ஊர்ப் போலீஸ்காரர் கைத்துப்பாக்கியை நீட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வருகிறார். நம்மிடம் ஆயுதம் கிடையாது. ஓடி, சாவியைத் தேடி எடுத்து, லாரியில் ஏறி அவர் மேலேயே ஏற்றிவிடுகிறோம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவர் எழுந்து நின்று நம் நெஞ்சில் சுடுகிறார். பையன் ஆற்றில் விழுகிறான். மற்ற கேம்களில் ‘எப்படி நடப்பது, எப்படிக் குதிப்பது’ என்று கற்றுத் தருவார்கள் இல்லையா, இந்த கேமில் அந்தப் பாடம் இதுதான்.

இனிதான் விஷயமே. செத்தும் சாகாத ஊர்க்காரர்களை ‘ஷிபிட்டோ’ என்கிறார்கள். கன்ட்ரோலரில் எல்2 பட்டனை அழுத்திப் பிடித்தால் நம் பார்வை போய்விடும். திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல். இடது ஸ்டிக்கை மெதுவாகச் சுற்றினால், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல, அக்கம்பக்கத்தில் இருக்கும் ஒவ்வொருவரின் பார்வையும் சிக்கும். ஒருவன் கண்ணுக்குள் போய்விட்டால் அவன் பார்ப்பதை நாம் பார்க்கிறோம், அவன் மூச்சை நாம் கேட்கிறோம். அதுவரை நம் ஆள் இருட்டில் குருடாக நிற்பான். பக்கத்தில் யாராவது வந்தாலும் தெரியாது.

ஒரு கட்டத்தில் எனக்கு ஒரு தச்சன் சிக்கினான். சுத்தியலைப் பிடித்த கை மட்டும் தெரிகிறது. பலகையில் ஆணி அடிக்கிறான், ஆணி உள்ளே போன பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறான். நடுநடுவே தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்து ஒரு சிரிப்பு. பிறகு தலையைத் திருப்பிப் பாதையை ஒரு நோட்டம் விடுகிறான். மறுபடி ஆணி. அவன் எத்தனை அடிக்கு ஒரு முறை திரும்புகிறான் என்று தெரிந்தால்தான் நான் அந்தப் பாதையைக் கடக்க முடியும். அதனால் அவனுக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனுடைய சிரிப்பு எப்போது வரும் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதுதான் வயிற்றைப் பிசைந்தது. ஒரு பேயோடு இவ்வளவு பழகிப்போகும்படி வேறெந்த கேமும் என்னை விட்டதில்லை.

இதைவிட மோசமானது, துரத்திக்கொண்டு வருபவனின் பார்வைக்குள் போவது. தூரத்தில் புல்வெளி, வேலி, வேலிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு. அது என் முதுகு என்று உறைப்பதற்கு ஒரு கணம் ஆகிறது.

ஷிபிட்டோக்களை ஜாம்பி என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஜாம்பிக்கு நம்மைத் தின்பது ஒன்றுதான் வேலை. இவர்களுக்கு உயிரோடு இருந்தபோது இருந்த வேலையெல்லாம் இன்னும் இருக்கிறது. தச்சன் ஆணி அடிக்கிறான், போலீஸ்காரர் ரோந்து போகிறார். கண்ணிலிருந்து ரத்தம் வழிவதைத் தவிர அவர்கள் நாளில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. அடித்தால் சுருண்டு கிடப்பார்கள், கொஞ்ச நேரத்தில் எழுந்து விட்ட வேலையைத் தொடர்வார்கள்.

(அடுத்த பத்தியில் ஒரு காட்சியை உடைக்கிறேன். விளையாடப் போகிறவர்கள் தாண்டிவிடுங்கள்.)

டொமோகோ என்ற 14 வயதுப் பெண் அப்பா அம்மாவைத் தேடி அலைகிறாள். ஊர் சர்ச்சில் அவர்கள் இருப்பது தெரிந்ததும் சந்தோஷமாக ஓடிப் போய் ஜன்னல் வழியாகக் கூப்பிடுகிறாள். உள்ளே இருப்பவர்கள் அலறுகிறார்கள். அவர்கள் கண்ணுக்கு வெளியே நிற்பது ஒரு ஷிபிட்டோ. அவளுக்குத் தான் மாறியதே தெரியாது. துரத்தி வரும் ஒவ்வொருவனும் தன்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பானோ என்று அதற்குப் பிறகு தோன்றிவிட்டது. சுத்தியல்காரனை அடித்துப் போட மனம் வரவில்லை. சுற்றுவழியில் போனேன்.

முகங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிஜ ஆட்களின் முகங்களைப் பல கோணங்களில் படமெடுத்து 3டி உருவத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். உடம்பு பொம்மை, முகம் மட்டும் மனிதன். இன்றைக்குப் பார்க்கும்போது தொழில்நுட்பம் பழசுதான், ஆனால் அந்தப் பொருந்தாமையே இந்த ஊருக்குப் பொருந்துகிறது. ஜப்பானில் இதன் டிவி விளம்பரத்தைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று புகார் வந்து, அதை நிறுத்திவிட்டார்களாம். ‘எப்படித் தவித்தாலும் விரக்திதான்’ என்பது விளம்பர வாசகம். பொய் சொல்லவில்லை.

ஊரின் மதமும் சும்மா போட்ட அலங்காரம் இல்லை. சர்ச் இருக்கிறது, கன்னியாஸ்திரீ இருக்கிறார், ஆனால் சிலுவையின் வடிவமே வேறு. 1614-இல் ஜப்பான் முழுக்கக் கிறிஸ்தவத்தைத் தடை செய்த பிறகு இரண்டரை நூற்றாண்டு ரகசியமாக வழிபட்டவர்களிடம் அந்த மதம் உள்ளூர் வழக்கங்களோடு கலந்து வேறொன்றாக மாறிய வரலாறு இதற்குப் பின்னால் தெரிகிறது.

இப்போது குறைகள். மொத்தம் பத்துப் பேரை வைத்து விளையாட வேண்டும். மூன்று நாள் கதை, ஆனால் காட்சிகள் முன்னும் பின்னுமாகக் குதிக்கும். யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்று காட்ட ஒரு அட்டவணை இருக்கிறது, அது இல்லாவிட்டால் தொலைந்தோம். வரைபடம் தருகிறார்கள், அதில் நாம் எங்கே நிற்கிறோம் என்ற குறி கிடையாது. இதைப் பலர் திட்டுகிறார்கள், நான் திட்ட மாட்டேன். இருட்டில் ஒரு மரத்தையும் ஒரு பாலத்தையும் வைத்து வழி கண்டுபிடிக்கும்போதுதான் ஊர் மனதில் பதிகிறது.

ஆனால் துண்டு விஷயத்தை மன்னிக்க முடியாது. ஒரு காட்சியில் ஒரு துண்டை நனைத்து ஃப்ரீசரில் வைத்து உறைய வைக்க வேண்டும். ஏன் என்று அந்த இடத்தில் ஒரு துப்பும் இல்லை. வேறொரு ஆளின் வேறொரு காட்சிக்கு அது தேவைப்படும். இப்படி ஒருவர் செய்து வைத்தால்தான் இன்னொருவர் தப்பிக்க முடியும் என்ற யோசனை அருமையானது. அதை யாரும் ஊகிக்க முடியாதபடி ஒளித்து வைத்தது அநியாயம். முடித்த காட்சியையே இன்னொரு நிபந்தனையோடு மறுபடி விளையாடச் சொல்லும்போது பயம் கரைந்து எரிச்சல்தான் மிஞ்சுகிறது. தொலைவிலிருந்து குறி பார்த்துச் சுடும் ஷிபிட்டோக்கள் வேறு. வழிகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டே விளையாடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

இப்போது ஹருமியின் காட்சியில் நிற்கிறேன். பத்து வயதுச் சிறுமி. கையில் எதுவும் இல்லை, அடிக்கவும் முடியாது. வீட்டுக்குள் ஆட்கள் நடமாட, ஒளிந்து ஒளிந்து வெளியே வர வேண்டும். இது முடிந்ததும் 2006-இல் வந்த இரண்டாம் பாகத்தையும் தேடலாம் என்றிருக்கிறேன். அதை விளையாடியவர்கள் இருந்தால் கமெண்டில் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அதிலும் துண்டை உறைய வைக்க வேண்டுமா?