612 கையெழுத்து, 187 ஓட்டு

மழைநீர் வடிகால் கேட்டு நான் எழுதிய மனுவில் 612 பேர் கையெழுத்துப் போட்டார்கள். 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நின்றேன். விழுந்தது 187 ஓட்டு. டெபாசிட் 4,000 ரூபாயும் போச்சு.

"காசு வாங்கிட்டுக் குத்திட்டாங்க சார்" என்று இன்னமும் ஆறுதல் சொல்கிறார்கள். காசு விளையாடியது உண்மைதான். ஆனால் பழியை அதன் தலையில் போட்டுவிட்டுத் தூங்க முடியவில்லை.

பிரச்சாரத்தில் பின்தெருவுக்குப் போனேன். கீரைக்கார அக்கா நோட்டீஸை வாங்கி மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி தம்பி. நாளைக்கு எங்க வீட்ல ஒரு சாவு விழுந்தா நீ வருவியா?" என்னிடம் பதில் இல்லை. பத்து வருஷமாக அவரிடம் கீரை வாங்குகிறேன், வீடு எதுவென்று அன்றைக்குத்தான் தெரியும். வடிகால் மனு அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. அங்கே பிரச்சினை தண்ணீர் லாரி எப்போது வரும் என்பது.

2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி ஆட்சிதான். அந்தச் சமயத்தில் எங்களைப் போன்ற குடியிருப்போர் அசோசியேஷன்காரர்கள் அதிகாரிகளோடு வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி, நாங்கள்தான் ஏரியாவின் குரல் என்று நம்பிவிட்டோம். வார்டில் கட்சியைப் பார்த்துக்கொள்ளும் வட்டச் செயலாளரோ நாற்காலி இல்லாமலேயே கவுன்சிலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், சாமியானா பந்தல் என்று எதற்கும் அவர்தான். அவர் கட்சிச் சின்னம் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் சின்னம் கைக்கு வந்து வாக்குப்பதிவுக்குப் பன்னிரண்டே நாள்.

வாக்குப்பதிவு சனிக்கிழமை. சென்னையில் நூற்றுக்கு 44 பேர்கூட வரவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டில் 64 வீடு. சாயங்காலம் லிஸ்ட்டைப் பார்த்தால் பாதிக்கு மேல் டிக் விழவில்லை. மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர் குடும்பத்தோடு மகாபலிபுரம் போயிருந்தார்! பூத் ஏஜென்ட்டுக்கு ஆள் தேடியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இருபதுக்கு மேல் பூத், எனக்குக் கிடைத்தது ஒன்பது பேர். அதில் மூன்று பேர் என் சொந்தக்காரர்கள்.

அடுத்து நிற்க நினைக்கிறவர்கள் போஸ்டர் செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் முன்பே தெருத்தெருவாக நடங்கள் என்றுதான் சொல்வேன். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசும் ஏரியா சபைக்கு 2022லேயே விதி வந்துவிட்டது, அங்கே போய் உட்காருங்கள். நானும் போகிறேன். பெரும்பாலும் தெருவிளக்குப் பேச்சுதான், கொஞ்சம் போரடிக்கும்.

போன மாதம் கீரைக்கார அக்காவின் மாமியார் தவறிவிட்டார். சேதி கேட்டு ஆறரை மணிக்கே போனேன். ஃப்ரீசர் பாக்ஸ் வந்து இறங்கியிருந்தது, பந்தல் போட்டாகிவிட்டது. அக்கா நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வட்டச் செயலாளர்தான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்: "உக்காருங்க சார், எடுக்க மூணு மணி ஆகும்."