பகல் வெளிச்சத்தில் ஒரு கோப்பை

சென்ற சனிக்கிழமை மாலை, உயர்நிலைப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த நாங்கள் நால்வரும், கல்யாணமோ சாவோ அல்லாத ஒரு காரணத்துக்காகப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றுகூடினோம். காரணம், சிங்கப்பூரில் நடந்த ஒரு பீர் திருவிழா. நால்வரில் ஒருவன் குடிப்பதில்லை. அவன் அப்பாவைக் குடியே கொண்டுபோயிற்று என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், அவனை அழைக்கலாமா கூடாதா என்று மூன்று நாள் தனித்தனியே பேசிக்கொண்டோம். விஷயம் தெரிந்ததும் அவனே, "நான் வராமல் உங்களை யார் எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போவது?" என்று கேட்டு வந்து சேர்ந்தான்.

உள்ளே போனதும் முதல் ஏமாற்றம் கோப்பையின் அளவு. சுவை பார்க்க ஊற்றித் தரும் கோப்பை 100 மில்லிலிட்டர்கூட இருக்காது. "என்னடா, இருமல் மருந்து மாதிரி ஊற்றுகிறார்கள்" என்றான் ஒருவன். பெரிய பாட்டிலை நடுவில் வைத்து நால்வரும் ஐஸ் போட்டுப் பகிர்ந்து குடிக்கும் காப்பிக்கடை வழக்கம்தான் எங்களுக்குத் தெரியும். 1932இல் இந்த ஊரிலேயே வடிக்கத் தொடங்கிய டைகர் பீரைத் தாண்டி நாங்கள் அதிகம் போனதில்லை.

அந்தச் சின்னக் கோப்பைதான் அன்றைய மாலையைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஒரே மடக்கில் முடிந்துவிடும் அளவாக இருந்ததாலேயே யாரும் மடக்கென்று குடிக்கவில்லை. முகர்ந்தோம், கைமாற்றினோம், வாதாடினோம். ஜெர்மானிய முறையில் வடித்த ஒரு கோதுமை பீர் வந்தது. குடிக்காத நண்பன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், "பழுத்த ரஸ்தாளி வாசம்டா" என்றான். ஊற்றிக் கொடுத்த இளைஞர் சிரித்துக்கொண்டே, இதில் பழம் எதுவும் சேர்ப்பதில்லை, அந்த வகை பீருக்கென்றே உள்ள ஈஸ்ட் நொதிக்கும்போது தானாகவே வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் உண்டாக்குகிறது என்று விளக்கினார். அதன்பின் ஒவ்வொரு கோப்பையும் முதலில் அவனிடம்தான் போயிற்று. வறுத்த பார்லியில் செய்த ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை முகர்ந்து, "கோப்பி-ஓ" (பால் சேர்க்காத காப்பி) என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னான். கையில் இஞ்சிப் பானத்தை வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும்விட நுட்பமாக பீரை அறிந்தவன் அவன்தான்.

அந்த ஸ்டவுட் வாசம் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது. நாளிதழில் சுற்றி, கைப்பைக்குள் மறைத்து, வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரப்படும் பாட்டில். எங்கள் அப்பாக்கள் குடித்தார்கள்; ஆனால் குடிப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்று அவசரமாகக் குடித்தார்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறைக்கு உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. அதைச் சுற்றி ஒரு வேலி இருந்தது என்று பாட்டி சொல்வார். நாங்களும் வேலிக்குள்தான் நின்றிருந்தோம், ஆனால் பகல் வெளிச்சத்தில், பணம் ஏற்றிய பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு, படம் எடுத்துப் பதிவேற்றியபடி.

விலையைப் பற்றிக் கொஞ்சம். கணக்காளராக இருக்கும் நண்பன் சும்மா இருப்பானா? கலால் தீர்வை ஒரு லிட்டர் சுத்த மதுவுக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஐந்து விழுக்காட்டு பீர் அரை லிட்டரில் 25 மில்லிலிட்டர் மது. ஆக 1 வெள்ளி 50 காசு. "அப்படியானால் மீதியெல்லாம் யாருக்கு?" என்று கேட்டான். பதில் சொல்ல அங்கே யாருமில்லை. கைப்பட்டையில் ஏற்றிய பணத்தில் மிச்சம் திரும்பக் கிடைக்காது என்பதை வெளியேறும்போதுதான் சொன்னார்கள், அதுவும் எழுத்துப் பொடியாக இருந்த ஒரு பலகையைக் காட்டி.

ஞாயிறன்று லிட்டில் இந்தியாவின் ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. முடித்துவிட்டு நடந்தபோது புல்வெளியில் வெளிநாட்டு ஊழியர்கள் வட்டமாக உட்கார்ந்து, பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கைபேசியில் ஊரிலிருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் குளிர்பான பாட்டில்தான். 2013 டிசம்பர் 8ஆம் தேதி அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் 1 முதல், இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிப்பதற்கு நாடு முழுவதும் தடை. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் அது சனிக்கிழமை காலை 7 மணிக்குத் தொடங்கித் திங்கள் காலை 7 மணி வரை நீள்கிறது. அதாவது அவர்களுக்கு இருக்கும் ஒரே விடுமுறை நாள் முழுவதும்.

இந்தச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வட்டாரத்து அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் வாந்தியையும் அதைவிட மோசமானதையும் கழுவியவர்களின் எரிச்சல் நியாயமானது. ஆனால் முந்தின மாலை, திருவிழாவில் கழிப்பறைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையுடன் வாந்தியெடுத்த ஒருவருக்குக் காவலாளி தண்ணீர் பாட்டில் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டு, வாடகை வண்டி பிடித்துக் கொடுத்ததையும் நான் பார்த்தேன். காவலாளி செய்ததில் தவறில்லை. அந்தக் கனிவு நுழைவுச்சீட்டின் விலைக்குள் அடக்கமோ என்பதுதான் என் சந்தேகம். நட்போடு, நிதானமாக, ஒளிக்காமல் ஒரு கோப்பை குடிக்க எங்களுக்குக் கிடைத்த இடம், நாள் முழுக்க நமக்கு வீடு கட்டிக்கொடுப்பவருக்கு ஏன் கிடைப்பதில்லை?

பேசிக்கொண்டே தண்ணீர் வாங்க ஒரு சிறு கடைக்குள் நுழைந்தோம். மணி ஏழாகியிருந்தது. விற்பனை நேரம் முடிந்ததென்று கடைக்காரர் பீர் இருந்த குளிர்பெட்டியின் மீது திரையை இழுத்துப் பூட்டிவிட்டு எங்களுக்குச் சில்லறை கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட கணக்காளரின் மணிக்கட்டில் முந்தின நாள் கட்டிய பட்டை இன்னும் இருந்தது. அதற்குள் 11 வெள்ளி 40 காசு.