ரத்தத்தில் வந்த தொழில் இல்லை

"உங்க குடும்பத்துக்கே ரத்தத்துல ஊறின தொழில்ங்க இது." போன வாரம் கேரம் போர்டு வாங்க வந்தவர் அப்பாவிடம் சொன்னது. மனதாரப் பாராட்டித்தான் சொன்னார். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்னை வியாசர்பாடியில் கேரம் போர்டு செய்கிறோம். தாத்தா பின்னி மில் தறியில் நின்றவர். எங்கள் பரம்பரையில் இழைப்புளியைத் தொட்ட ஆள் கிடையாது. 1996-இல் மில்லை மூடியபோது அப்பாவுக்கு 19 வயது. வேலை இல்லை, பொழுதெல்லாம் தெரு கிளப்பில் கேரம்தான். அந்த மழைக்காலத்தில் கிளப் போர்டு நடுவில் தூக்கிக்கொண்டது. சரிசெய்து தருகிறேன் என்று வீட்டுக்கு எடுத்துவந்து ஆணி ஆணியாகப் பிரித்தார். மறுபடி சேர்க்க இரண்டு மாதம் ஆனதாம்.

கேரம் போர்டு பார்க்கத்தான் சுலபம். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர், அடிக்கிற பெரிய காய், அதாவது ஸ்ட்ரைக்கர், அதிகபட்சம் 4.13. மிஞ்சுவது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். சரி, இதையாவது அளந்துவிடலாம். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் போர்டின் குறுக்கே குறைந்தது மூன்றரை தடவை ஓட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறதே, அந்த ஓட்டத்தைக் கொண்டுவரத்தான் அப்பாவுக்கு வருடக்கணக்கானது. சட்டத்துக்கு எடுத்த கட்டை சரியாகக் காயாவிட்டால் அடி செத்துப்போகும். ப்ளைவுட் ஈரம் குடித்தால் உப்பும். ஐப்பசியில் ஒட்டியது தை மாதத்தில் வாய் பிளக்கும். முதலில் செய்த பதினோரு போர்டும் அடுப்புக்குத்தான் போயின என்று அம்மா சொல்வார். கற்றுக்கொடுக்க ஒரு ஆசாரியும் இல்லை. இதையெல்லாம் ரத்தத்தின் கணக்கில் எழுதினால் எப்படி?

இன்று தங்கை கோடுகளை அச்சடிக்கிறாள், அம்மா குழிகளுக்கு வலை கட்டுகிறார், நான் சட்டம் அறுக்கிறேன். கடைசியில் அப்பா விரல் முட்டியால் தட்டிக் கேட்டால்தான் போர்டு வெளியே போகும். கேரம் உலக சாம்பியன் இளவழகி ஆடி வளர்ந்தது இதே வியாசர்பாடி. 2024 கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கோணல் போர்டில் பழகக் கூடாது என்பதில் அப்பாவுக்கு அப்படியொரு பிடிவாதம்.

அப்பா கடன் கேட்டுப் போன ஒரு வங்கியில் முதல் கேள்வியே, "பரம்பரைத் தொழிலா? இல்லைன்னா சர்டிபிகேட் இருக்கா?" இரண்டும் இல்லை என்று திரும்பி வந்தார். கைவினைஞர்களுக்குக் கடன் தரும் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பம் வழிவழியாக அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லி 2024-இல் தமிழக அரசு எழுதியது. அது நூற்றுக்கு நூறு சரி. தறிக்காரர் மகன் மரம் இழைக்கலாம், தச்சர் மகள் வேறு எதுவும் செய்யலாம். தொழில் கையைப் பார்க்க வேண்டும், தாத்தாவைப் பார்க்கக் கூடாது.

அப்புறம் ஒன்று. பட்டறைக்கு இரண்டு பேர் வேண்டும், பெண்களும் வரலாம். வீட்டில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்க மாட்டோம். உப்புத்தாள் பிடிப்பதிலிருந்து எங்கள் அப்பாவே சொல்லித் தருவார். விருப்பம் உள்ளவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.