பிக்கப் ஸ்டாண்டில் ஒருத்தர்கூட உண்மையைச் சொல்லவில்லை

நேற்றும் அதே சண்டை. நீலகிரியில் எங்கள் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவுகிற இடம், விடியற்காலை நான்கு மணி, கை விறைக்கிற குளிர். லோடுக்காக வரிசையில் நின்ற ஐந்தாறு பிக்கப் டிரைவர்கள் மஹிந்திரா பொலேரோவா டாடா யோதாவா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மஹிந்திராவைத் தவிர மலையில் எதுவும் நிற்காது என்கிறார். இன்னொருத்தர் டாடா வாங்கியவன் கெட்டதாகச் சரித்திரமே இல்லை என்கிறார். அசோக் லேலண்ட் தோஸ்த் ஓட்டுகிற தம்பி ஒருவன் வாயைத் திறந்தால், 'மூணு சிலிண்டர் வண்டியை வச்சுக்கிட்டு நீ பேசாதே' என்று அடக்கிவிடுகிறார்கள். என் மச்சினன் புது வண்டி வாங்கப் போகிறான், அவனுக்கு யோசனை சொல்கிறோம் என்றுதான் இது ஆரம்பித்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அவனுக்கு உருப்படியாக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஏனென்றால் இதே கூத்து எனக்கும் நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்க நினைத்தபோது, இதே ஆட்களிடம்தான் போய்க் கேட்டேன். எட்டுப் பேரிடமாவது கேட்டிருப்பேன். எட்டுப் பேரும் தங்கள் வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி புகழ்ந்தார்கள், அடுத்தவன் வண்டியைத் திட்டினார்கள். 'உங்க வண்டில என்னண்ணா குறை?' என்று கேட்டதற்கு ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. நானும் நம்பி ஒன்றை எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இதுவும் அந்த ஸ்டாண்டுச் சண்டையாகத்தான் போய் முடியும், நான் சொல்ல வந்த விஷயம் யார் காதிலும் ஏறாது.

வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை, டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. இரண்டு நாள் பார்த்தேன், அணையவில்லை. அப்புறம் வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மூச்சு முட்டுகிற மாதிரி முக்குகிறது, வேகமே எடுக்கவில்லை. லோடை வேறு வண்டியில் மாற்றி ஏற்றிவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்தவர் சாவகாசமாகக் கேட்கிறார்: 'வண்டியை ஹைவேஸில் ஓட்டறதே இல்லையா சார்? அரை மணி நேரம் நல்ல வேகத்துல ஒரே சீரா ஓட்டிட்டு வாங்க, சரியாயிடும்.' கேத்தியில் ஹைவேஸுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் அரை கிலோமீட்டர் நேர் ரோட்டைக் காட்டுங்கள் பார்ப்போம்.

விஷயம் இதுதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, டீசல் வண்டிகளில் புகை போகிற வழியில் கரியைப் பிடித்து வைக்கிற ஃபில்டர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பிடித்த கரியை அதுவே அவ்வப்போது எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்குப் புகை கிட்டத்தட்ட 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும், கொஞ்ச நேரம் அந்தச் சூடு நிலைக்கவும் வேண்டும். நம் பிழைப்பு எப்படி? தோட்டத்திலிருந்து கழுவுகிற இடத்துக்கு மூன்று கிலோமீட்டர், அங்கே இன்ஜின் ஓட ஓட நிற்பது, அப்புறம் லோடு ஏற்றி மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்கம். கியரில் பிடித்து இறங்கும்போது இன்ஜினுக்குள் டீசலே போகாது, அப்புறம் சூடு எங்கிருந்து வரும்? பாதி எரிகிற நேரத்தில் வண்டியை அணைத்துவிடுவோம். கரி சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் அடைத்துக்கொள்ளும். இது ஒரு கம்பெனியின் குறையே இல்லை. இந்த மாதிரி ஃபில்டர் வைத்த எந்த வண்டியும் இப்படி ஓட்டினால் அடைக்கத்தான் செய்யும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் வாரத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு அன்னூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஏறியிருப்பேன். இப்போது அதைத்தான் செய்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொள்வதற்குள் எனக்கு ஆறு நாள் வாடகை போச்சு, ஃபில்டரைச் சுத்தம் செய்த செலவு தனி, அந்த மாதம் டியூ கட்ட மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது.

இதில் என் வயிறு எரிவது எங்கே தெரியுமா? வண்டி சரியாகி வந்த வாரம், ஸ்டாண்டில் ஒரு அண்ணனின் பிக்கப்பை நகர்த்தி நிறுத்தச் சொன்னார்கள், சாவி வாங்கி ஏறினேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், அந்த விளக்கு இருக்கிற இடத்தில், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். உள்ளே மஞ்சளாக எரிந்துகொண்டிருக்கிறது. அதே விளக்கு! 'இந்த வண்டியில குறைன்னு எதுவுமே கிடையாது' என்று என் தோளில் கைபோட்டுச் சொன்ன அதே மனுஷன். வேறு கம்பெனி வண்டி வேறு. அப்புறம் ஒவ்வொருத்தராகத் தனியாக மடக்கி விசாரித்தால், இந்தக் கட்சி, அந்தக் கட்சி இரண்டிலுமே ஆட்களுக்கு இதே தொல்லை வந்திருக்கிறது. ஏண்ணா சொல்லலை என்றால், 'சொன்னா அவனுங்க ஏளனம் பண்ணுவானுங்கப்பா' என்கிறார். அவர் கௌரவத்துக்கு என் வீட்டுக் கம்மலா?

கம்பெனிப் பாசம் என்று நாம் சொல்கிறோமே, அது நமக்குள் செய்கிற வேலை இதுதான். மனுஷனைப் பொய் சொல்ல வைக்கிறது. கம்பெனிக்காரனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? குறையைச் சொல்லிச் சண்டை போட வேண்டியவனே டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கும் அவனிடமே போய் நிற்கிறான்.

சரி, பாசம் வந்த கதை எனக்கும் தெரியும். 1986இல் வந்த டாடா 407 இந்த மலையில் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டது! அதற்கப்புறம் 207. ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்கு, மண் பாதை மட்டும் இருந்த காலத்தில் மஹிந்திரா ஜீப் இல்லையென்றால் பிரசவத்துக்குக்கூட ஆஸ்பத்திரி போயிருக்க முடியாது. எங்கள் சித்தப்பா கடைசிவரை அவருடைய ஜீப்பை மாரியம்மன் படத்துக்குக் கும்பிடுகிற கையால்தான் தொடுவார். அந்த நன்றி இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த இன்ஜினா இன்றைக்கு இருக்கிறது? பேர் மட்டும்தான் அதே பேர்.

பேரை வைத்து ஏமாறுவதற்கு உதாரணம் சொல்கிறேன். பொலேரோ காரும் பொலேரோ பிக்கப்பும் ஒரே குடும்பம் என்று நினைத்து, 'எங்க மாமா பொலேரோ ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிடுச்சு, அதனால நீ பிக்கப் எடு' என்கிறார்கள். காரில் இருப்பது 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின். பிக்கப்பில் இருப்பது 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். இரண்டுக்கும் பானட்டில் இருக்கிற பேரைத் தவிர என்ன சம்பந்தம்? அப்புறம், தோஸ்தை மூன்று சிலிண்டர் என்று நக்கலடிக்கிறவன் வீட்டு வாசலில் நிற்கிற பொலேரோ காரும் மூன்று சிலிண்டர்தானே!

இசுஸு ஆட்கள் இன்னும் மோசம். டி-மேக்ஸ் நல்ல வண்டி, எனக்குப் பிடிக்கும். ஆனால் பேச்சு வந்தால் அதே கம்பெனியின் விலை கூடின வி-கிராஸின் கணக்கை எடுத்து விடுவார்கள்: 163 குதிரைத் திறன், 360 நியூட்டன் மீட்டர் இழுவை. லோடு அடிக்க வாங்குகிற சாதா டி-மேக்ஸில் இருப்பது 78 குதிரைத் திறனும் 176 நியூட்டன் மீட்டரும். வி-கிராஸ் 1.9 லிட்டர், சாதா டி-மேக்ஸ் 2.5 லிட்டர், இன்ஜினே வேறு. வி-கிராஸின் பெருமையைக் கேட்டு நம்பி டி-மேக்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் யார் பொறுப்பு? 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்த பிறகு ரிசார்ட் வைத்திருக்கிறவர்கள் நடுவிலும் வி-கிராஸா ஹைலக்ஸா என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அது அவர்கள் பாடு. ஹைலக்ஸ் விலைக்கு நமக்கு இரண்டு பிக்கப் வந்துவிடும்.

இழுவை, இழுவை, இழுவை. ஸ்டாண்டில் வேறு பேச்சே கிடையாது. யோதாவின் 2.2 லிட்டர் இன்ஜினுக்கு 250 நியூட்டன் மீட்டர், பொலேரோ பிக்கப்புக்கு அதைவிடக் குறைவு, அதனால் டாடாதான் ஏறும் என்று ஒரு கூட்டம். 'ஏர்றது பேப்பரிலா ரோட்டிலா' என்று இன்னொரு கூட்டம். நான் கேட்கிறேன், நம் லோடு எந்தப் பக்கம் போகிறது? கேரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் மேலிருந்து கீழேதானே போகின்றன! ஏறும்போது பாதி நாள் காலி வண்டி, மீதி நாள் உர மூட்டை, கோழி எரு. உச்ச லோடோடு நாம் இறங்குகிறோம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு முப்பது சொச்சம் கிலோமீட்டரில் 1,500 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி வளைவு. அத்தனை எடையையும் பிடித்து நிறுத்துவது பின் சக்கரத்து டிரம்மும் முன் டிஸ்க்கும் நாம் போடுகிற கியரும்தான். எந்த வண்டி இரண்டாவது கியரில் நன்றாகப் பிடித்து இறங்குகிறது, பிரேக் லைனர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை போகிறது, மழையில் வளைவில் பின்பக்கம் இழுக்கிறதா, ஒருத்தர் பேசட்டுமே! பேச மாட்டார்கள். லைனர் சீக்கிரம் தேய்கிறது என்று ஒப்புக்கொண்டால் கட்சி தோற்றுவிடுமே.

இதோடு பாரம் ஏற்றுகிற பெருமை வேறு. யோதா 2.0 வந்தபோது 2 டன் தாங்கும் என்றார்கள், உடனே 1.7 டன் பொலேரோக்காரர் ஒருத்தர் 'நான் இதிலயே மூணு டன் ஏத்தினேன்' என்கிறார். ஏற்றினாய் சரி, இறக்கினாயே, அன்றைக்கு மிதி எப்படி இருந்தது என்று சொல்! பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே குமிழி கட்டும், மிதி பஞ்சு மாதிரி அடிவரை போகும். எனக்கு ஒருமுறை அதே இறக்கத்தில், பர்லியாருக்கு மேலே அப்படிப் போனது. முன்னால் ஒரு பள்ளிக்கூட வேன். முதல் கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் திட்டில் உரசி நிறுத்தினேன். இறங்கினால் கால் நடுங்குகிறது, லைனர் கருகிய நாற்றம் நாள் முழுக்க மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த வேனின் பின் கண்ணாடியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் எனக்குக் கை காட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் அந்தக் கைகள் என் கண்ணுக்குள் இருக்கின்றன. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்ட கோபம் வருகிறது, அவர் எந்தக் கம்பெனி வண்டியில் வந்தாலும்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். ஸ்பேர் பக்கத்தில் கிடைக்கிறது, நம் ஊர் மெக்கானிக்குக்குக் கை பழகிய வண்டி, விற்றால் நல்ல விலை போகும் என்பதற்காக ஒருத்தர் ஒரே கம்பெனியில் நிற்கிறார் என்றால் அது நியாயமான கணக்கு. பொலேரோ இத்தனை விற்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதை அப்படியே சொல்லுங்கள். 'இன்ன குறை இருக்கு, ஆனா குன்னூர்லயே சாமான் கிடைக்குது, அதனால நான் இதுலயே இருக்கேன்' என்று சொன்னால் கேட்கிறவன் எடை போட்டுப் பார்த்துக்கொள்வான். அதைச் சொல்வதில் என்ன மானம் போகிறது? வாங்குகிறவன் கோடீஸ்வரன் இல்லை. அஞ்சு வருஷ டியூவில் கழுத்தைக் கொடுக்கிறவன்.

மச்சினன் அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பிவிட்டான். 'என்ன மாமா, எல்லாரும் இதுதான்னு சொல்றாங்களே' என்கிறான். பொறுடா என்று சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை லோடுக்கு என்னோடு வரட்டும். வெள்ளிக்கிழமை அந்த தோஸ்த் தம்பியோடு அனுப்புகிறேன், அவன் ஒருத்தன்தான் போன வாரம் கிளட்ச் பிளேட் எத்தனை கிலோமீட்டரில் போனது என்று கேட்காமலேயே சொன்னவன். இரண்டு நாளும் பர்லியாரில் நிறுத்தச் சொல்வேன். இறங்கி, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், எத்தனை விரற்கடை தூரத்தில் சூடு தெரிகிறது என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும். ஏறி உட்கார்ந்ததும் டேஷ்போர்டில் எங்கேயாவது டேப் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். என் வண்டியிலும்தான்.