ஆறாம் வகுப்பை இரண்டு முறை படிக்கும் பிள்ளைகள்

போன மே மாதம், பள்ளி முடிய இரண்டு வாரம் இருந்தபோது, என் மகனுடைய கூடைப்பந்து கிளப்பின் பயிற்சியாளர் என்னையும் வீட்டுக்காரரையும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். பையன் ஆட்டத்தைப் புரிந்து ஆடுகிறான், பந்து கையில் நன்றாக நிற்கிறது, ஆனால் ஆகஸ்டில் பிறந்தவன் என்பதால் வகுப்பிலேயே சின்ன உடம்பு அவனுக்குத்தான் என்றார். அப்புறம் மிகச் சாதாரணமாக, "ஆறாவதை இன்னொரு தடவை படிக்க வைங்க. இங்கே நிறைய பேர் செய்யறதுதான்" என்றார்.

அந்த ஆண்டு அவன் எல்லாப் பாடத்திலும் 90க்கு மேல் வாங்கியிருந்தான்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. இந்தப் பழக்கத்துக்கு இங்கே 'ஹோல்ட்பேக்' என்றும் 'ரீக்ளாஸ்' என்றும் பெயர். பாஸ் ஆன பிள்ளையை, விளையாட்டில் ஒரு வயது கூடுதலாக இருக்கட்டும் என்று அதே வகுப்பில் மறுபடி உட்கார வைப்பது. நான் வளர்ந்த ஊரில் பள்ளி திறக்கும் நாளன்று பழைய வகுப்பிலேயே உட்கார வேண்டிய பையன் முகத்தை நிமிர்த்த மாட்டான். இங்கே பெற்றோர் அதைத் திட்டமிட்டு, ஓராண்டு தனியார் பள்ளிக்குப் பணம் கட்டியோ, வேலையை விட்டு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தோ செய்கிறார்கள்.

ஏன் குறிப்பாக ஆறாம் வகுப்பு என்று எனக்கும் முதலில் புரியவில்லை. விதிகளைப் படித்த பிறகுதான் விளங்கியது. டெக்சாஸ் அரசுப் பள்ளி விளையாட்டுகளை நடத்துவது யூஐஎல் என்ற அமைப்பு. பள்ளி அணிகள் ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்குகின்றன. ஏழாவதிலோ எட்டாவதிலோ விளையாட்டுக்காகவே ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்தால், ஒன்பதாவதில் சேர்ந்த பிறகு வரும் நான்காவது ஆண்டு ஆடும் தகுதி போய்விடும். அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், கல்லூரிக்காரர்கள் வந்து பார்க்கும் ஆண்டில், அவன் வெளியே உட்கார வேண்டும். ஒன்பதாவதுக்கு மேல் நிறுத்திப் பயனில்லை. ஒன்பதாவதில் கால் வைத்த நாளிலிருந்து நான்கு ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவும் முதல் பிரிவில் ஆட வருபவர்களிடம், பள்ளியின் 16 முக்கியப் பாடங்களை அந்த நான்கு ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆக, விதி தொடாத கடைசி இடம் ஆறாம் வகுப்பு. அதனால்தான் 11, 12 வயதுப் பிள்ளையின் தலையில் இந்த முடிவு வந்து விழுகிறது.

வயது வரம்பு ஒன்றும் இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பியிருக்கக் கூடாது. சாதாரணமாகப் படித்து வரும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அன்று 17 வயதுதான் இருக்கும். நடுவில் இருக்கும் அந்த ஓராண்டு இடம், தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கும், நோயில் படுத்தவர்களுக்கும், மொழி தெரியாமல் வேறு நாட்டிலிருந்து வந்து தடுமாறுபவர்களுக்கும் உதவ வேண்டியது. அப்படிப்பட்ட பிள்ளை ஒரு வகுப்பை இன்னொரு முறை படித்தால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த இடத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் இதே டெக்சாஸ்தான் 1984இல் 'பாஸ் ஆகாவிட்டால் ஆட முடியாது' என்று சட்டம் போட்டது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே வாங்கினாலும் அணியில் இடமில்லை. ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் தலைமையிலான குழு அதற்காக எவ்வளவோ எதிர்ப்பைத் தாங்கியது. பள்ளிக்கூடம் முதலில் படிப்புக்கு, அதற்குப் பிறகுதான் ஆட்டத்துக்கு என்று இந்த மாநிலமே ஒரு காலத்தில் முடிவு செய்திருக்கிறது. இன்று பாஸ் ஆனவன், ஆட்டத்துக்காக, தெரிந்த பாடத்தையே மறுபடி ஒரு வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பயிற்சியாளர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் சட்டென்று உயர்கிறார்கள். இங்கே செப்டம்பர் 1தான் பள்ளிச் சேர்க்கைக்கான வயதுக் கெடு என்பதால், ஆகஸ்ட் பிள்ளை எப்போதும் வகுப்பில் கடைசி. கனடாவின் ஐஸ் ஹாக்கியை வைத்து ராஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் 1985லேயே இதைக் காட்டிவிட்டார். அங்கே வயதுக் கெடு ஜனவரி 1. மேலே வந்த வீரர்களில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் மிக அதிகம், ஆண்டின் கடைசியில் பிறந்தவர்கள் மிகக் குறைவு. சின்ன வயதில் உடம்பு பெரிதாக இருப்பவனைத் திறமைசாலி என்று எடுத்துக்கொண்டு, நல்ல பயிற்சி, அதிக ஆட்டம் எல்லாவற்றையும் அவனுக்கே கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் அதற்கு மருந்து இதுவா? என் மகன் கீழே இறங்கினால், அவன் இருந்த இடத்தில் ஜூலையில் பிறந்த யாரோ ஒரு பிள்ளை கடைசி ஆவான். அவனையும் இறக்கினால் ஜூன் பிள்ளை. நாங்கள் இறங்கிப் போகும் வகுப்பிலோ, அங்கே ஏற்கெனவே சின்னவனாக இருக்கும் ஒருவன் எதிரே என் மகனைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். போன ஆண்டுச் செப்டம்பர் பிள்ளையை நிறுத்தி வைத்திருந்தால், அவனுக்கும் இந்த ஆண்டு ஆகஸ்ட் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இரண்டு வயது வித்தியாசம். கூடைப்பந்திலாவது பரவாயில்லை. அமெரிக்கக் கால்பந்தில், மல்யுத்தத்தில், அந்த இரண்டு வயது மோதிக்கொள்ளும்போது அடிபடுவது யார்? அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? தனியார் பள்ளிக்குக் கட்ட அவளிடம் பணம் இருக்கிறதா?

அன்று இரவு வீட்டுக்காரரும் நானும் வெகுநேரம் பேசினோம். அவர் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. "அவனுக்கு இவ்வளவு ஆசை இருக்கே, நாம தடுத்தமாதிரி ஆயிடுமோ" என்றார். அவர் பயமும் எனக்குப் புரிந்தது. இங்கே வந்து குடியேறிய நம்மைப் போன்றவர்களுக்கு, ஊர் வழக்கம் தெரியாமல் பிள்ளையின் வாய்ப்பைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம் எப்போதும் அடிமனதில் இருக்கும்.

மறுநாள் ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அப்பா மணப்பாறைப் பக்கம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லாத அந்தக் காலத்தில், பிள்ளையைக் கூட்டி வந்தால், வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொள்வார். நம் பெற்றோர் தலைமுறையில் இத்தனை பேர் ஜூனில் 'பிறந்ததற்கு' இதுதான் காரணம். "ஒரு வயசு குறைச்சு எழுதுங்க சார், நாளைக்கு கவர்மெண்டு வேலைக்குப் போனா கூட ஒரு வருசம் சர்வீஸ் கிடைக்கும்" என்று கேட்டு நின்றவர்களும் உண்டு. ஒன்றிரண்டு பேருக்கு எழுதியும் கொடுத்திருக்கிறார்.

நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "நாங்க எழுதினது பேப்பர்ல குறைஞ்ச வயசும்மா. அதனால எந்தப் பிள்ளையும் ஒரு கிளாஸ் கூட உக்காரல. இது அப்படி இல்லையே. பேரனோட நெசமான ஒரு வருசத்தை இல்ல எடுத்துக் குடுக்கச் சொல்றாங்க."

எனக்கு அதோடு தெளிந்துவிட்டது. 12 வயதுப் பிள்ளையின் ஒரு வருடம் சின்ன விஷயமில்லை. முதல் வகுப்பிலிருந்து கூடவே வந்த சிநேகிதர்கள் மேலே போய்விடுவார்கள். "நீ இப்போ இருக்கிற மாதிரி இருந்தால் போதாது" என்பதைப் பெற்றவர்களே சொன்னதாக அவன் மனதில் பதியும். சரி, அதற்குக் கிடைப்பது என்ன? பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பையன்களில் கல்லூரி அணிவரை போகிறவர்கள் என்சிஏஏ கணக்குப்படியே நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. கடன் வாங்கிய உயரமும் 17, 18 வயதில் மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் தீர்ந்துவிடும். எங்கள் டாலஸின் தொழில்முறைக் கூடைப்பந்து அணி 2025இல் புதிய வீரர்கள் தேர்வில் முதல் ஆளாக எடுத்த கூப்பர் ஃப்ளாக்கின் சட்டையைத்தான் மகனின் கிளப் பையன்கள் பாதிப் பேர் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அவர் பள்ளிப் படிப்பை ஓராண்டு முன்னதாகவே முடித்து, தன்னைவிடப் பெரியவர்களோடு ஆடிப் போனவர். அவர் உயரம் வேறு, திறமை வேறு, எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது என்பது தெரியும். ஆனால் கீழே இறங்கினால்தான் மேலே போக முடியும் என்று சொல்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மகன் இப்போது ஏழாவது. 'பி' டீமில் இருக்கிறான். பாதி ஆட்டம் பெஞ்சில்தான். வருத்தப்படுகிறான், மறுநாள் சாயங்காலம் வாசலில் பந்தோடு நிற்கிறான்.

விளையாட்டுக்காக நிறுத்தி வைத்தால் தகுதி போகும் என்ற விதிக்குள் யூஐஎல் ஆறாம் வகுப்பையும் கொண்டுவர வேண்டும். நடுநிலைப் பள்ளி அணிகளையாவது வகுப்பை விட்டுவிட்டுப் பிறந்த தேதியை வைத்துப் பிரிக்க வேண்டும். இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகளில் 'பயோ பேண்டிங்' என்று, உடல் வளர்ச்சி ஒத்த பிள்ளைகளைச் சேர்த்து ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். அதுவும் செய்து பார்க்கக் கூடியதே. இங்கே பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போகிற நம் பெற்றோர் யாராவது இருந்தால், தயவுசெய்து இதை எழுப்புங்கள். நானும் வருகிறேன்.

ஆகஸ்டில் மகனுக்குப் பிறந்தநாள் வைத்தோம். முதல் வகுப்பிலிருந்து அவனோடு ஒரே பெஞ்சில் இருந்த நண்பனும் வந்திருந்தான். அவன் வீட்டில் சரி என்று சொல்லி, இந்த ஆண்டு ஒரு தனியார் பள்ளியில் ஆறாவதை மறுபடி சேர்த்துவிட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தி, வழக்கம்போல, இரண்டு பேரிடமும் எந்த கிளாஸ் என்று கேட்டார். மகன் ஏழு என்றான். அந்தப் பிள்ளை தன் அம்மா முகத்தைப் பார்த்தான். அவர்தான் பதில் சொன்னார். அவன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கேக் வெட்டக் கூப்பிட்டபோதும் உடனே வரவில்லை.